குச்சிக்கிழங்கும் குழுக்கடன் ஆடும்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்னைக்கு சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு எதைப் பத்தியும் நான் பேச வரலை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிழங்கு போடுறதைப் பத்திப் பேசப் போறேன். "இதை இவங்க வந்து நமக்குச் சொல்லித் தரணுமா, பொறந்ததில் இருந்து ஆடு மேய்க்கிறோமே" என்று நீங்க நினைக்கலாம். நியாயம்தான். ஆடு வளர்ப்பில் உங்களுக்கு இருக்கிற அனுபவத்தில் பாதிகூட எனக்குக் கிடையாது. ஆனால் ஊர் ஊராகப் போய் உட்கார்ந்து பேசுற வேலை எனக்கு. ஒரு ஊரில் நடந்ததை இன்னொரு ஊரில் சொல்ல முடியும். அந்த உரிமையில்தான் பேசுறேன்.

நம்ம ராசிபுரம், சேந்தமங்கலம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கிழங்கு இல்லாத ஊர் எது? இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்னு போனப்ப, 1940-களில் சேலத்தில் ஆரம்பிச்ச தொழில் இது. இன்னைக்குக் கிழங்கு மில் இல்லாத ரோடே இல்லைங்கிற அளவுக்கு வந்திருச்சு. கிழங்கு பிடுங்குற சீசனில் காட்டில் எங்க பார்த்தாலும் தழை குவிஞ்சு கிடக்கும். கூலிக்குப் போற நம்ம பெண்கள் திரும்பி வரும்போது தலையில் ஒரு கட்டுத் தழை வரும். கூலியோட சேர்ந்து வர்ற இலவசத் தீவனம் அது. யாருக்கு மனசு வரும் அதை விட்டுட்டு வர?

மலையடிவாரத்தில் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்க நம்ம குழு உறுப்பினர் ஒருத்தர் குழுக்கடனில் நாலு வெள்ளாடு வாங்கியிருந்தார். இரண்டு சினை. மத்தியானம் வரைக்கும் மழைத் தூறல், ஆடு பட்டியிலேயே கட்டிக் கிடந்திருக்கு. நல்ல பசி. வேலைக்குப் போனவர் பக்கத்துத் தோட்டத்தில் அன்னைக்குத்தான் வெட்டிப் போட்ட தழையைக் கொண்டு வந்து மொத்தமாகப் போட்டிருக்கார். கால் மணி, அரை மணி நேரம்தான். ஒரு ஆடு மூச்சு வாங்க ஆரம்பிச்சது. வாயில் நுரை. கால் தள்ளாடி விழுந்து உதைச்சுக்கிட்டது. அடுத்தது, அதுக்கடுத்தது. பொழுது சாயுறதுக்குள்ள மூணு போயிருச்சு.

ஆடு செத்ததோட அது முடியலை. பக்கத்துத் தோட்டக்காரர் மருந்து அடிச்ச தழையை வேணும்னே கொடுத்தார் என்று ஒரு பேச்சு. இல்லை, வரப்புத் தகராறில் எலி மருந்து வச்சுட்டாங்க என்று ஒரு பேச்சு. கண்ணு பட்டிருச்சு என்று ஒரு பேச்சு. தோட்டக்காரர் வீட்டம்மாவும் அதே குழுவில் உறுப்பினர். இரண்டு மாசம் குழுக் கூட்டமே நடக்கலை. தவணை மட்டும் நிக்கலை, அது மாசாமாசம் வந்துக்கிட்டே இருந்தது. செத்த ஆட்டுக்குத் தவணை கட்டுறது எப்படி இருக்கும் என்று கட்டினவருக்குத்தான் தெரியும்.

யாரும் மருந்து வைக்கலைங்க. மருந்து தழைக்குள்ளேயே இருந்தது.

குச்சிக்கிழங்குச் செடியில் இலை, தண்டு, தோல், கிழங்கு எல்லாத்திலும் லினமாரின் என்று ஒரு பொருள் இருக்கு. அது சும்மா இருக்கிற வரைக்கும் ஒண்ணும் பண்ணாது. அதே செடியில் வேறொரு அறையில் இருக்கிற மாதிரி ஒரு நொதியும் இருக்கு. இலையைக் கடிச்சு அரைச்சால், கிழங்கை நசுக்கினால், நடுவில் இருக்கிற சுவர் இடிஞ்சு இரண்டும் ஒண்ணு சேருது. சேர்ந்தால் ஹைட்ரோ சயனிக் அமிலம் உண்டாகும். சயனைடு என்று சினிமாவில் கேள்விப்படுறோமே, அதே சங்கதிதான். பூச்சி, விலங்கு தின்னாமல் இருக்க செடி தனக்குத்தானே வச்சுக்கிட்ட காவல் இது. கிழங்கின் சதையை விடத் தோலில் அதிகம். இலையிலும் அதிகம், அதிலும் கொழுந்து இலையில் ரொம்ப அதிகம். ஆடு எதை முதலில் கடிக்கும்? கொழுந்தைத்தான்.

இந்த விஷம் ரத்தத்தில் போய் என்ன செய்யுது? நாம இழுக்கிற மூச்சில் இருக்கிற பிராணவாயுவை ரத்தம் உடம்பு பூரா கொண்டு போகுது. ஆனால் உடம்பால் அதை எடுத்துப் பயன்படுத்த முடியாதபடி இந்த விஷம் தடுத்துடுது. சோறு தட்டில் இருக்கு, வாயைக் கட்டிட்ட மாதிரி. அதனால்தான் ஆடு அப்படி மூச்சு வாங்குது. கண் இமையை விரிச்சுப் பாருங்க, ஈறைப் பாருங்க, பளிச்சென்று செக்கச்செவேல் என்று இருக்கும். ரத்தத்தில் பிராணவாயு செலவாகாமல் அப்படியே நிக்கிறதால் வர்ற நிறம் அது.

எவ்வளவு தின்னால் ஆபத்து? ஆட்டோட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் விஷம் சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து. 20 கிலோ ஆட்டுக்கு 40 மில்லிகிராம். ரெண்டு அரிசி மணி எடை இருக்கும், அவ்வளவுதான்.

இங்க ஒரு அக்கா கையைத் தூக்குறாங்க. என்ன கேக்கப் போறீங்க என்று எனக்குத் தெரியும். "எங்க மாமியார் காலத்தில் இருந்து இந்தத் தழையைத்தான் போடுறோம், எங்க ஆட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?" எந்த ஊருக்குப் போனாலும் வர்ற கேள்வி இது. நல்ல கேள்வி. பொய்யும் இல்லை.

ஆட்டு உடம்புக்கு இந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக முறிக்கிற சக்தி இருக்கு. மேய்ச்சலுக்குப் போய் வயிறு நிறைஞ்ச ஆடு நாலு இலை கடிச்சால் முறிச்சுடும். பட்டினி கிடந்த ஆடு அவசர அவசரமாக ஒரு கூடையைத் தின்னால் முறிக்க நேரம் கிடைக்காது. செடியும் எப்பவும் ஒரே மாதிரி இல்லை. மழை பொய்ச்சு வாடின காட்டில், புதுசாகத் துளிர் விட்ட செடியில், விஷம் கூடும். ரகத்துக்கு ரகம் மாறும். வீட்டில் வேக வச்சுத் தின்கிற இனிப்பு ரகம் ஒண்ணு, மில்லுக்குப் போற கசப்பு ரகம் ஒண்ணு. மாமியார் காலத்தில் தோட்டத்தில் இருந்த ரகம்தான் இப்பவும் இருக்குங்கிறதுக்கு என்ன உத்தரவாதம்? பத்து வருஷம் ஒண்ணும் ஆகாமல், பதினோராவது வருஷம் ஒரே மத்தியானத்தில் பட்டி காலியாகும். மாடு, ஆடு மாதிரி அசை போடுற பிராணிகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். அதுங்க வயித்தில் இருக்கிற நுண்ணுயிர்களே இந்த விஷத்தைச் சீக்கிரம் பிரிச்சு விட்டுடுது.

அப்போ தழையே போடக் கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கிடைக்கிற தீவனத்தை வேண்டாம் என்று சொல்ல நமக்கு எங்க வசதி? இந்தத் தழை நல்ல சத்தான தழை. நல்லாக் காய்ஞ்ச இலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புரதம் இருக்கு. புண்ணாக்கு விலை விக்கிற விலையில் அதை விட முடியாது. பச்சையாகப் போடாதீங்க, காய வச்சுப் போடுங்க. இதைத்தான் சொல்ல வந்தேன்.

காய வைக்கிறதிலும் ஒரு முறை இருக்கு. கொண்டு வந்த கட்டை அப்படியே தாழ்வாரத்தில் சாத்தி வச்சு மறுநாள் போட்டால் அது காய்ஞ்சது இல்லை, வாடினது. வாடினால் போதாது. தழையை அரிவாளில் பொடிசாக நறுக்கணும். நறுக்கும்போதே விஷம் பிரிய ஆரம்பிச்சு, வெயிலில் காத்தோட போயிடும். களத்திலோ மொட்டை மாடியிலோ மெலிசாகப் பரப்பி, இடையில் கிளறி விட்டு, ரெண்டு மூணு நாள் நல்ல வெயில். கையில் எடுத்து நொறுக்கினால் அப்பளம் மாதிரி சத்தம் வரணும். அப்புறம் சாக்கில் கட்டி வச்சுக்கிட்டால் கோடைக்கு ஆகும். அதையும் மொத்தத் தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். முதல் நாளே அள்ளிப் போடாமல் ஒரு கைப்பிடியில் ஆரம்பிங்க. குவிச்சுக் காய வச்சால் உள்ளே புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும், அது வேற நோய். மழை மூட்டமாக இருந்தால் அந்த வாரம் தழையே கொண்டு வராதீங்க.

கிழங்குக்கும் அப்படித்தான். மில்காரர் ஒதுக்கிப் போடுற பொடிக் கிழங்கு, உடைஞ்ச கிழங்கு என்று கொண்டு வருவோம். தோலைச் சீவி, வில்லை வில்லையாக நறுக்கி, உடைச்சால் பட்டென்று முறியிற வரைக்கும் காய வச்சால் மாட்டுக்கு நல்ல மாவுத் தீவனம். சீவின தோலை ஆட்டுக்கு முன்னால் தள்ளி விடுற பழக்கம் நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. அந்தத் தோலில்தான் விஷம் அதிகம் என்று இப்பத்தான் சொன்னேன். கோழியும் வந்து கொத்தும். குப்பைக் குழிக்குப் போகட்டும் அது.

வீட்டில் நமக்குக் கிழங்கு வேக வைக்கிறோம். நறுக்கி, நிறையத் தண்ணி விட்டு, மூடி போடாமல் வேக வச்சு வடிச்சுடுறது நல்லது. ஆவியோடயும் தண்ணியோடயும் விஷம் போயிடும். சரி, வடிச்ச தண்ணி எங்க போகுது? நேரா மாட்டுக் கழுநீர்த் தொட்டிக்கு! அரிசி கழுவின தண்ணி, சோறு வடிச்ச கஞ்சி, அதோட இதுவும். இந்த ஒண்ணை மட்டும் தயவு செஞ்சு வாய்க்காலில் கொட்டிடுங்க. மில்லில் இருந்து வெளியே ஓடுற தண்ணியிலும் இதே விஷம் இருக்கு. மில்லுக்குப் பின்னாடி குட்டையில் மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கணும்.

திப்பியைப் பத்திக் கேப்பீங்க. மில்லில் மாவு எடுத்தப்புறம் மிஞ்சுற திப்பியில் விஷம் பெரும்பாலும் கழுவிப் போயிருக்கும். காய்ஞ்ச திப்பி மாட்டுக்கு ஆகும். ஈரத் திப்பி சீக்கிரம் புளிச்சுடும், பூஞ்சை பிடிக்கும். விலை மலிவாகக் கிடைக்குது என்று ஒரு கூடையை ஒரே வேளைக்கு வச்சால் மாட்டு வயித்தில் புளிப்பு ஏறி, அசை போடுறது நின்னு, படுத்துடும். இன்னொண்ணு, திப்பியில் மாவும் நாரும்தான். புரதம் ரொம்பக் குறைவு. திப்பியை மட்டும் போட்டுட்டு "பால் குறைஞ்சு போச்சு, கடன் வாங்கிக் கொடுத்த மாடு சரியில்லை" என்று எங்ககிட்ட சண்டைக்கு வர்றவங்களும் உண்டு. கூடக் கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு, அகத்தி, சூபாபுல் ஏதாவது சேருங்க.

மத்த கிழங்குகளைச் சுருக்கமாகச் சொல்லிடுறேன், நேரம் ஆகுது. சர்க்கரைவள்ளிக் கொடி ஆட்டுக்கு அருமையான தழை, பயமில்லாமல் போடலாம். ஆனால் கறுத்து அழுகி, பூஞ்சை பிடிச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாட்டோட நுரையீரலைக் கெடுக்கும். கெட்ட பகுதியை வெட்டிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காதீங்க, வேக வச்சாலும் அது போகாது. உருளைக்கிழங்கு பச்சை நிறம் பாய்ஞ்சிருந்தால், முளை விட்டிருந்தால், நமக்கும் வேண்டாம், வாயில்லா ஜீவனுக்கும் வேண்டாம். உழவர் சந்தையில் கழிச்சுப் போடுற கேரட், பீட்ரூட், முள்ளங்கி எல்லாம் அளவாகப் போடலாம், ஆனால் நறுக்கிப் போடணும். முழு உருளையோ உருண்டையான பீட்ரூட்டோ மாட்டுத் தொண்டையில் அடைச்சால் ஏப்பம் வெளியே வராமல் வயிறு உப்பி, அதுவே உயிருக்கு ஆபத்து. அப்போ குச்சியை விட்டுக் குத்தித் தள்ளாதீங்க, தொண்டை கிழியும். டாக்டரைக் கூப்பிடுங்க.

வீட்டு நாய்க்கு வேக வச்ச சர்க்கரைவள்ளியோ கேரட்டோ உப்பு காரம் இல்லாமல் கொடுக்கலாம். பச்சைக் குச்சிக்கிழங்கு நாய்க்கும் ஆகாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு நாய்க்கும் பூனைக்கும் நல்லதில்லை, ரத்தத்தைக் கெடுக்கும். வெங்காயக் கழிவை மாட்டுக்குக் கூடை கூடையாகப் போட்டாலும் அதே கெடுதல்தான். முயல் வளர்க்கிற குழுக்கள் இரண்டு இருக்கீங்க. கேரட் ஒரு துண்டு போதும், முயலுக்கு முக்கியம் புல்தான்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன். இவ்வளவு சொல்லியும் ஒரு நாள் ஆடு அவிழ்த்துக்கிட்டு ஓடிக் காட்டில் தின்னுடும். ஆடு நம்ம பேச்சைக் கேக்கப் போறதில்லை. அப்போ என்ன செய்யிறது?

இந்த விஷத்துக்கு மாத்து மருந்து இருக்கு. சோடியம் நைட்ரைட், சோடியம் தயோசல்பேட் என்று இரண்டு ஊசி மருந்து. ரத்தக் குழாயில் போடணும், டாக்டர்தான் போட முடியும். நேரத்துக்குப் போட்டால் விழுந்து கிடந்த ஆடு எழுந்து நிக்கும். ஆனால் நேரம் மணிக்கணக்கில் கிடைக்காது. அதனால் போன் பண்ணும்போது "ஆடு கிடக்குது, சீக்கிரம் வாங்க" என்று மட்டும் சொல்லாதீங்க. "குச்சிக்கிழங்குத் தழை தின்னுச்சு, இவ்வளவு நேரம் ஆச்சு, மூச்சு வாங்குது" என்று சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தையில் டாக்டர் எந்த மருந்தை எடுத்து வைக்கணும் என்று முடிவு பண்ணுவார். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. உங்க ஊர்க் கால்நடை மருந்தக எண்ணையும் சேர்த்து இன்னைக்கே தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்க. போன் எடுத்துப் பேசத் தயங்குற அம்மாக்கள் இருந்தால், காலேஜ் படிக்கிற பிள்ளையிடம் சொல்லி வையுங்க.

டாக்டர் வர்ற வரைக்கும், மீதித் தழையை அப்புறப்படுத்துங்க. தின்ன ஆட்டையும் தின்னாத ஆட்டையும் பிரிங்க. நிழலில், காத்தோட்டமாகப் படுக்க வையுங்க, விரட்டாதீங்க. வாயைப் பிளந்து எண்ணெய், புளித்தண்ணி, மோர் என்று ஊத்தாதீங்க. மூச்சு வாங்குற ஆட்டுக்கு ஊத்தினது நுரையீரலுக்குப் போயிரும். விஷத்தில் சாகாதது அதில் செத்துடும்.

செத்துப் போனாலும் உடனே புதைச்சுடாதீங்க. இன்சூரன்ஸ் பண்ணின ஆடு என்றால் காது வில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் பணம் வராது. இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் பரிசோதனை பண்ணுங்க. வயித்தில் இருக்கிறதைக் கொஞ்சம் எடுத்து, பிக்ரேட் தாள் என்று மஞ்சள் தாள் ஒண்ணை அதன் ஆவியில் பிடிப்பாங்க. சயனைடு இருந்தால் தாள் செங்கல் நிறமாக மாறும். விஷம் ஆவியாப் போற ஜாதி, அதனால் தாமதம் பண்ணக் கூடாது. அந்த மலையடிவார ஊரில் அன்னைக்கு ஒரு தாள் சிவந்திருந்தால் இரண்டு குடும்பம் பேச்சு வார்த்தை இல்லாமல் போயிருக்காது. பக்கத்து வீட்டுக்காரியா, தழையா என்று ஒரு துண்டுத் தாள் சொல்லிடும். இறைச்சி வீணாகுதே என்று அறுத்துப் பங்கு போடுறதும் வேண்டாம்.

இதில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தல். கிழங்குக்கு விலை பேசுறது ஆண்கள், காட்டில் எந்த ரகம் நட்டிருக்கு என்று தெரிஞ்சவங்களும் அவங்கதான். தழையைச் சுமந்து வந்து போடுறது நாம. கடனும் நம்ம பேரில். ஆடு செத்தால் "உனக்குப் பார்த்துப் போடத் தெரியாதா" என்று கேள்வியும் நம்மளைத்தான். அதனால் கூலிக்குப் போற இடத்தில் கூச்சப்படாமல் கேளுங்க: இது என்ன ரகம், கசப்பா இனிப்பா, கடைசியாக எப்போ மருந்து அடிச்சது? கேக்கிறதில் தப்பு இல்லை. இனிப்பு ரகம் என்று சொன்னாலும் காய வச்சே போடுங்க. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைகள்தான் பாதி நாள் ஆட்டுக்குத் தழை போடுதுங்க, அதுங்களுக்கும் சொல்லி வையுங்க.

கூட்டமைப்பு அளவில் இரண்டு காரியம் முடிவு பண்ணலாம் என்று நினைக்கிறேன். அறுவடை நடக்கிற வாரத்தில் எந்தக் காட்டில் பிடுங்குறாங்க என்று குழுவுக்குள் முன்கூட்டியே சொல்லிக்கணும், அன்னைக்கு அந்தப் பக்கம் ஆடு ஓட்ட வேண்டாம். சமுதாயக் கூடத்து மொட்டை மாடியை மூணு நாளைக்கு ஒரு குழு என்று முறை வச்சுத் தழை காய வைக்கப் பயன்படுத்த, ஊராட்சித் தலைவரிடம் மனு கொடுக்கணும். மனு எழுதிக் கொண்டு வந்திருக்கேன். படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கைநாட்டு வைக்கிறவங்க யாரையாவது வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு வையுங்க.

அடுத்து வங்கிக் கடன் விண்ணப்பம் பத்திச் செயலாளர் அக்கா பேசுவாங்க. ஆடு வாங்கக் கடன் கேட்டிருக்கிற ஏழு பேரும் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு பத்து நிமிஷம் என்னைப் பார்த்துட்டுப் போங்க.